வங்காளப் படங்களைக் காதால் பார்ப்பது எப்படி

வங்காளக் கலைப்படங்களை எங்கிருந்து தொடங்குவது என்று யார் கேட்டாலும், முதலில் நல்ல ஹெட்போன் ஒன்றை எடுத்துவையுங்கள் என்றுதான் சொல்வேன். எந்த இயக்குநர், எந்தப் படம், எந்த வரிசை என்பதெல்லாம் அப்புறம்.

சினிமாவில் சவுண்ட் எடிட்டிங் என் தொழில். உதவியாளர்களாக வந்து சேரும் பிள்ளைகளுக்கு சாஃப்ட்வேர் சொல்லித் தருவதற்கு முன்பே சத்யஜித் ரே, ரித்விக் கட்டக், மிருணாள் சென் மூவரின் படங்களைக் கொடுத்துவிடுவேன். "பார்த்தேன், நல்ல படம்தான், ஆனா ரொம்ப மெதுவா போகுது" என்று சிலர் வந்து சொல்வார்கள். பேச்சு குறைந்ததும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம். அந்த இடங்களில்தான் இந்தப் படங்களில் அதிகம் நடக்கிறது. பாத்திரங்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயங்களை அங்கே ஒலி சொல்கிறது. தேசப் பிரிவினையில் வீட்டை இழந்தவர்கள், குடும்பத்தைத் தாங்கும் பெண்கள், 1943-ன் பஞ்சம், வேலையில்லாத இளைஞர்கள், நான்கு சுவருக்குள் மூச்சு முட்டும் மனைவிகள் என்று வங்காள சினிமா திரும்பத் திரும்பப் போகிற எல்லா இடத்துக்கும் ஒரு சத்தம் உண்டு. அந்தச் சத்தங்களைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த சினிமாவின் பாணியும் பிடிபடும், அது விடாமல் பேசும் விஷயங்களும் பிடிபடும்.

தயாரிப்பு

முதல் முறை சப்டைட்டிலோடு முழுப்படத்தையும் பாருங்கள். கதை தெரிந்துவிடட்டும். இரண்டாம் முறை முழுப்படம் வேண்டாம், ஏதாவது ஒரு 20 நிமிடம் போதும். சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் கோடு போட்டு, மேலிருந்து கீழாக மூன்று பத்தி பிரியுங்கள். முதலாவதில், என்ன சத்தம். இரண்டாவதில், அது ஃப்ரேமுக்கு உள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்தா. மூன்றாவதில், காட்சியில் இருப்பவர்களில் யாருக்கு அது கேட்டது.

மூன்றாவது பத்தியை நிரப்பச் சிரமமாக இருக்கும். அதற்காகத்தான் இவ்வளவும். ஒரு சத்தம் தாய்க்குக் கேட்டு மகளுக்குக் கேட்கவில்லை என்றால் அங்கே ஒரு கதை இருக்கிறது. ஒரு சத்தம் படத்தில் யாருக்குமே கேட்காமல் நமக்கு மட்டும் கேட்டால், இயக்குநர் நேராக நம்மிடம் பேசுகிறார் என்று அர்த்தம்.

எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். இணையத்தில் கிடைக்கும் பழைய பிரதிகளில் பல, இரைச்சலுக்கு நடுவே வசனம் மட்டும் தப்பிப் பிழைத்தவை. ரேயின் அபு வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்கள் 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் எரிந்து சேதமாகிவிட்டன. மிச்சமிருந்ததை ஃப்ரேம் ஃப்ரேமாகச் சரிசெய்து 2015-ல் புதுப்பித்த பிரதி வந்தது. அதைத் தேடிப் பாருங்கள். கட்டக் 1973-ல் பங்களாதேஷில் எடுத்த 'திதாஷ் ஏக்டி நதீர் நாம்' படத்துக்கும் புதுப்பித்த பிரதி உண்டு.

முதல் பாடம்: ரயில்

ரேயின் அபு வரிசையில் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) தொடங்குங்கள். ரயில் என்றதும் எல்லோரும் நாணல் பூக்களுக்கு நடுவே அபுவும் துர்காவும் ஓடும் காட்சியைச் சொல்வார்கள். ஆனால் ரயில் அதற்கு வெகு முன்பே படத்துக்குள் வந்துவிடுகிறது. ஒரு மாலை நேரம், விளக்கு எரிகிறது, வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு வேலையாக இருக்கிறார்கள். எங்கோ தூரத்தில் ஒரு விசில். அபு தலையைத் தூக்கி அக்காவிடம் ரயிலைப் பற்றிக் கேட்கிறான். அவ்வளவுதான். இந்த விசிலை நோட்டில் எழுதிவையுங்கள். அபுவுக்குக் கேட்டது என்று மூன்றாவது பத்தியில் மறக்காமல் குறியுங்கள்.

அப்புறம் அந்த நாணல் காடு. அங்கேயும் முதலில் வருவது ரயில் கிடையாது, தந்திக் கம்பத்தின் ரீங்காரம். துர்கா கம்பத்தில் காதை வைத்துக் கேட்கிறாள், அபுவும் கேட்கிறான். அது என்னவென்று இருவருக்கும் புரியவில்லை. அவர்கள் கிராமத்தில் கேட்டிராத, வெளி உலகத்தின் சத்தம் அது. அதற்குப் பிறகுதான் கரும்புகையோடு ரயில். இருவரும் திரும்பி வரும் வழியில் மூங்கில் தோப்பில் பாட்டி இந்திர் செத்துக் கிடக்கிறாள். பிற்பாடு காய்ச்சலில் படுத்திருக்கும் துர்கா, உடம்பு சரியானதும் மறுபடி ரயில் பார்க்கப் போகலாம் என்று தம்பியிடம் சொல்கிறாள். அவள் போகவில்லை.

இப்போது நோட்டை மூடாமல் அடுத்த படத்துக்குப் போங்கள். 'அபராஜிதோ'வில் (1956) அபு படிக்கக் கல்கத்தா போய்விடுகிறான். கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மா சர்வஜயாவுக்கு, வயலுக்கு அப்பால் போகும் ரயில்தான் மகன். சின்ன வயதில் மகனுக்குக் கனவாக இருந்த அதே சத்தம் இங்கே அம்மாவுக்குக் காத்திருப்பாக மாறிவிட்டது. மூன்றாவது படம் 'அபுர் சன்சார்' (1959). அபு குடியிருக்கும் மொட்டைமாடி அறை தண்டவாளத்தை ஒட்டியே இருக்கிறது. கனவு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது, அது ஒரு தொல்லை பிடித்த இரைச்சல். மனைவி இறந்த பிறகு தண்டவாளத்தின் ஓரம் போய் நிற்கிறான். ரயில் நெருங்குகிறது. ஒரு பன்றியின் அலறல் கேட்கிறது. அடிபட்டது பன்றி. கடைசியில், பார்க்கவே பார்க்காத மகனைத் தேடிப் போகும்போது அபு கையில் கொண்டுபோவது ஒரு பொம்மை ரயில். பையன் அதைத் தூக்கி எறிகிறான்.

மூன்று படங்களிலும் ரயில் வரும் இடங்களை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். கிராமம் உடைந்து நகரத்துக்குப் போன ஒரு தலைமுறையின் கதை ஒரே பக்கத்தில் வந்துவிடும். இதற்காக ரே ஒரு வசனம்கூட எழுதவில்லை.

இதே 'பதேர் பாஞ்சாலி'யில் இன்னொரு இடம். எங்கள் பிள்ளைகளை நான் இந்த ஒரு காட்சியிலேயே ஒரு மாலை முழுக்க உட்கார வைத்துவிடுவேன். துர்கா இறந்தது தெரியாமல் அப்பா ஹரிஹர் ஊர் திரும்புகிறார். வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். துர்காவுக்கென்று ஒரு புடவை. அதுவரை கல்லாக நின்ற சர்வஜயா புடவையை வாயில் கவ்விக்கொண்டு உடைகிறாள். அவள் அழும் குரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் உச்ச ஸ்தாயியில் எழுகிறது. வில்லால் வாசிக்கும் எஸ்ராஜில் கிராமஃபோன் மாதிரி ஒரு குழலைப் பொருத்திய வாத்தியம் அது, கிட்டத்தட்ட மனிதத் தொண்டை போலவே கீச்சிடும். படத்துக்கு இசை ரவிசங்கர்.

இதை மூன்று விதமாகப் பாருங்கள். ஒரு தடவை சாதாரணமாக. ஒரு தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு. கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு. சத்தம் இல்லாமல் பார்த்தால், சர்வஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் முகம் மட்டுமே எவ்வளவு செய்கிறது என்று தெரியும். கண்ணை மூடினால், தார் ஷெனாய் எந்த நொடியில் நுழைகிறது என்று தெரியும். அந்த நொடியைத்தான் கவனிக்க வேண்டும். அழுகை ஆரம்பிக்கும் இடத்துக்கு முன்னாலேயே போட்டிருந்தால் அது வெறும் சோகப் பின்னணி இசை ஆகியிருக்கும். அவள் வாய் திறக்கும் இடத்தில் வருவதால் அது அவள் குரலாகவே ஆகிவிட்டது. ஒரு தாயின் அழுகையை அப்படியே கேட்டால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். வாத்தியமாகக் கேட்கும்போது திருப்பிக்கொள்ள வழியில்லை. நான் வேலை பார்த்த எத்தனையோ அழுகைக் காட்சிகளில் இந்த யோசனை எனக்குத் துணையாக இருந்திருக்கிறது.

கட்டக்கிடம் போகும்போது

ரேயிடமிருந்து கட்டக்கிடம் வந்தால் காது முதலில் மிரளும். ரேயின் ஒலி இயல்பானது, அந்த இடத்தில் இருக்கக்கூடியது. கட்டக் அந்த விதிக்கு மசிபவர் இல்லை. டாக்காவில் பிறந்து, ராஜ்ஷாஹியில் வளர்ந்து, மக்கள் நாடக இயக்கமான இப்டாவில் உருவானவர். 1947-ல் அவர் ஊர் வேறு நாடாகிவிட்டது. அந்தக் காயத்தை அவர் அமைதியாகச் சொல்லத் தயாராக இல்லை.

'மேகே டாக்கா தாரா' (1960) பாருங்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து கல்கத்தாவின் ஓரத்தில் அகதிகள் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம். மூத்த மகள் நீதா சம்பாதித்துப் போடுகிறாள். அண்ணன் சங்கருக்குப் பாட்டுத்தான் உலகம். தங்கை, தம்பி, அப்பா, அம்மா எல்லோரும் நீதாவின் உழைப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் காதலித்த சனத்தைத் தங்கையே கட்டிக்கொள்கிறாள். நீதாவுக்குக் காசநோய்.

ஆரம்பத்திலேயே நமக்கு ஒரு பரிசு இருக்கிறது. ஒரு பிரம்மாண்டமான மரம், நீர்க்கரை, தூரத்தில் ரயில். சங்கர் சாதகம் செய்கிறான். கேட்டதும் தெரியும், அது ஹம்சத்வனி. 'வாதாபி கணபதிம்' கேட்டு வளர்ந்த காதுக்கு வேறு சொல்ல வேண்டாம். முத்துசாமி தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ராகம் இந்துஸ்தானிக்குப் போய், அங்கிருந்து கட்டக்கின் படத்துக்குள் வந்திருக்கிறது. படத்தில் 'லாகி லகன்' என்று அதைப் பாடியிருக்கும் ஏ.கானன் சென்னையில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்த, கிரானா என்ற இந்துஸ்தானி பாணியில் பாடியவர். இந்தப் பாட்டை நோட்டில் தனியாகக் குறியுங்கள். இது சங்கரின் எதிர்காலம். படத்தில் இந்த ராகம் மேலே ஏற ஏற நீதா கீழே போவாள்.

அடுத்து அம்மா. சனத் வீட்டுக்கு வருகிறான், மூத்த மகளோடு பேசுகிறான். அம்மா அடுப்படியில். மகள் கல்யாணமாகிப் போய்விட்டால் வீட்டில் உலை வைப்பது யார் என்ற பயம் அவள் முகத்தில். அப்போது அடுப்பில் கொதிக்கும் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, அந்தச் சட்டியிலிருந்து வரவே முடியாத அளவுக்கு. இப்போது மூன்றாவது பத்தியில் யார் பெயரை எழுதுவீர்கள்? அம்மாவுக்கு மட்டும்தான் கேட்கிறது. அவளை வில்லி என்று நினைக்கத் தோன்றும்போதெல்லாம் அந்தக் கொதிப்பைக் கேளுங்கள், பசி அவளை எப்படி ஆட்டுகிறது என்று தெரியும்.

அப்புறம் சாட்டை. சனத்தின் அறையில் இன்னொரு பெண் இருப்பதைத் தெரிந்துகொண்டு நீதா படியிறங்கி வருகிறாள், கை கழுத்தில் இருக்கிறது. சாட்டை அடிபோல ஒரு சத்தம். யாரும் யாரையும் அடிக்கவில்லை. பிறகு தங்கையின் கல்யாணத்துக்கு முன் ஓர் இரவு. சங்கரிடம் ஒரு தாகூர் பாடலைச் சொல்லித் தரச் சொல்கிறாள். புயலில் என் கதவுகள் உடைந்த இரவில், என் வீட்டுக்குள் நீ வந்ததை நான் அறியவில்லை என்று போகும் பாட்டு அது. தட்டிச் சுவர், இருட்டு, இரண்டு முகங்கள். இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். முடியும் இடத்தில் மறுபடியும் அந்தச் சாட்டை, ஒன்றன் மேல் ஒன்றாக. நீதா விம்மி உடைகிறாள்.

இந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். பாட்டு ஓடும்போது பின்னால் வேறு என்ன கேட்கிறது? எங்கே பாட்டு முடிந்து எங்கே சாட்டை தொடங்குகிறது? இந்தச் சத்தத்தை விளக்கும் பொருள் எதுவும் ஃப்ரேமில் இல்லை, கதையிலும் இல்லை. இந்திய சினிமாவில் ஒலியை இவ்வளவு துணிச்சலாகக் காட்சியிலிருந்து பிய்த்து எடுத்து மனசுக்குள் வைத்தவர்கள் அதுவரை மிகக் குறைவு. மிகை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒருபோதும் மிகையாகப் படவில்லை. நீதா படம் முழுக்க ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. யாராவது அந்த அடியை நமக்குக் கேட்கவைக்க வேண்டாமா?

இன்னொரு குரலும் இதே படத்தில் நீதாவைத் தொடர்ந்து வருகிறது. துர்கை என்கிற உமா, பிறந்த வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை வந்துவிட்டுக் கைலாசம் திரும்புவது வங்காளத்தின் பெரிய பண்டிகை. உமாவை வரவேற்றும் வழியனுப்பியும் தாய் பாடுவதாக நாட்டுப்பாடல்கள் உண்டு. நீதா வீட்டைவிட்டுப் போகும் மழை இரவில் கேட்பது அப்படி ஒரு பாட்டுத்தான். உமா தன் வீடான மலைக்குப் போவாள், நீதாவும் மலைக்குப் போகிறாள், ஷில்லாங் சானடோரியத்துக்கு. சின்ன வயதிலிருந்து போக ஆசைப்பட்ட மலை. அங்கே தன்னைப் பார்க்க வந்த சங்கரிடம் "அண்ணா, நான் வாழ ஆசைப்பட்டேன்" என்று கதறுகிறாள். கேமரா அவளை விட்டுவிட்டு மலைகளைச் சுற்றிச் சுழல, குரல் மட்டும் எதிரொலித்துக்கொண்டே இருக்கிறது. சாக விரும்பாத பெண்ணின் குரலுக்கு உடம்பு தேவையில்லை என்று முடிவெடுத்திருக்கிறார் கட்டக். ஒலி எடிட்டராக அந்த எதிரொலியை இன்னும் என்னால் வெறும் டெக்னிக்காகக் கேட்க முடியவில்லை.

இதற்கு அடுத்து 'கோமல் காந்தார்' (1961) பார்த்தால் ரயில் மறுபடி வரும், வேறு மாதிரி. பத்மா நதிக்கரையில் தண்டவாளம் முடிந்து கிடக்கிறது. முன்பு அதே பாதையில் அக்கரை போக வழி இருந்தது, இப்போது அக்கரை வேறு நாடு. கேமரா தண்டவாளத்தில் பாய்ந்து போகிறது, பின்னணியில் படகோட்டிகளின் 'தோஹாய் அலி' கோஷம் வேகம் எடுக்கிறது, முட்டுக்கட்டை வந்ததும் திரை இருண்டுவிடுகிறது. ரயிலே இல்லாத ரயில் காட்சி. ரேயின் ரயில்களை எழுதிய அதே பக்கத்தில் இதையும் எழுதுங்கள். இரண்டு பேரின் பார்வையும் எங்கே பிரிகிறது என்று பக்கத்திலேயே தெரியும். ரேக்கு ரயில் கூட்டிக்கொண்டு போவது. கட்டக்குக்கு அறுந்துபோனது.

வீட்டுக்குள் இருந்து கேட்பது

ரேயின் 'சாருலதா'வின் (1964) தொடக்கம் சவுண்ட் படிப்பவர்களுக்குத் தனிப் பாடம். 1870களின் கடைசி, கல்கத்தாவின் பணக்கார வீடு. கணவன் பூபதி பத்திரிகை வேலையிலேயே மூழ்கியிருக்கிறான். சாரு கைக்குட்டையில் பூவேலை செய்துகொண்டிருக்கிறாள். தேநீர் கொண்டுபோகச் சொல்லி வேலைக்காரனைக் கூப்பிடுவதைத் தவிர நிமிடக்கணக்கில் பேச்சே கிடையாது. வெளியே குரங்காட்டியின் உடுக்கை ஒலிக்கிறது. சாரு ஓடிப்போய் நாடகக் கண்ணாடியை எடுத்துவந்து ஜன்னல் பலகை இடுக்கில் பார்க்கிறாள். பல்லக்குத் தூக்கிகள் போகிறார்கள், குடையோடு ஒரு பருமனான ஆள் போகிறார். அவள் ஜன்னல் ஜன்னலாக மாறிக்கொண்டே அவர்களைத் தொடர்கிறாள்.

கண்ணால் பார்ப்பவர்கள் இதை 'பார்வை'யைப் பற்றிய காட்சி என்பார்கள். சரிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் வருவது சத்தம், அப்புறம்தான் அவள் எழுகிறாள். கூண்டுக்குள் இருப்பவருக்கு உலகம் முதலில் காதுக்குத்தான் வரும். கடைசியில் பூபதி வருகிறான். பூட்ஸ் சத்தத்தோடு அவளைக் கடந்து போகிறான், புத்தகத்தைப் பார்த்தபடி திரும்பியும் வருகிறான். பக்கத்தில் நிற்கும் மனைவி கண்ணில் படவில்லை. தெருவில் போனவர்களைப் பார்த்த அதே கண்ணாடியால் அவனையும் பார்க்கிறாள். அவனும் தெருவில் போகிற ஆள்தான். இந்தக் காட்சியின் மூன்றாவது பத்தி முழுக்க சாருவின் பெயராகவே இருக்கும். பூபதிக்கு எதுவும் கேட்பதில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ரேயின் 'ஜல்சாகர்' (1958) பார்க்கும்போது பக்கத்து வீட்டுப் புதுப்பணக்காரனின் ஜெனரேட்டர் சத்தத்தை விட்டுவிடாதீர்கள். விலாயத் கானின் இசை ஒரு பக்கம், அந்த டக்டக் ஒரு பக்கம். ஜமீன் முடிந்துபோனதை அந்த மோட்டாரே சொல்லிவிடுகிறது.

நகரம், கோபம், காத்திருப்பு

1970-ல் கல்கத்தா கொதித்துக்கொண்டிருந்தது. நக்சல்பாரி கிளர்ச்சி, வேலையின்மை, தெருவுக்குத் தெரு போலீஸ். ரேயின் 'பிரதித்வந்தி' (1970) ஒரு மரணத்தை நெகட்டிவ் பிம்பத்தில் காட்டித் தொடங்குகிறது. நாயகன் சித்தார்த்தாவுக்கு நேர்காணல்களில் வேலை கிடைப்பதில்லை. சின்ன வயதில் கேட்ட ஒரு பறவையின் குரல் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. கல்கத்தாவில் எங்கு தேடியும் அது கிடைக்காது. நகரத்தை விட்டுத் தொலைதூர ஊரில் சுமாரான ஒரு வேலையை ஏற்றுக்கொண்டு போன பிறகு, கடைசியில் அந்தக் குரல் கேட்கிறது. கூடவே ஒரு பிண ஊர்வலத்தின் கோஷமும் கேட்கிறது. இரண்டையும் ஒரே லெவலில் காதில் வாங்குங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் முடிவு தவறாகப் புரியும்.

மிருணாள் சென் இந்தக் கோபத்தை வேறு விதமாகக் கையாண்டார். 'இன்டர்வியூ' (1971) படத்தில் டிராமில் போய்க்கொண்டிருக்கும் நாயகன் திடீரென்று நம்மைப் பார்த்துப் பேசுகிறான். தன் பெயர் ரஞ்சித் மல்லிக், தான் ஸ்டார் இல்லை, மிருணாள் சென் தன்னைக் கேமராவோடு துரத்துகிறார் என்கிறான். கேமராமேன் கே.கே.மகாஜனையும் காட்டுகிறார்கள். அம்மாவாக வருபவர் 'பதேர் பாஞ்சாலி'யின் சர்வஜயா என்று அந்தப் படத்தின் துண்டையும் போட்டுக் காட்டுகிறார்கள். சென்னின் படங்களில் ஒலி இப்படி அடிக்கடி பொறுமை இழந்து கதையைவிட்டு வெளியே எட்டிப் பார்க்கும். கோர்வையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல் கேளுங்கள்.

எனக்கு அவருடைய பிற்கால, அடங்கிய படங்கள்தான் நெருக்கம். 'ஏக் தின் பிரதிதின்' (1979). குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒரே ஆள் சின்னு. ஒரு நாள் இரவு வேலையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணவறை என்று தேடுகிறார்கள். பல குடித்தனங்கள் உள்ள பழைய வீடு, அக்கம்பக்கம் பேச ஆரம்பித்துவிட்டது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் வீட்டில் எந்த முகம் திரும்புகிறது, அந்த முகத்தில் கவலை எவ்வளவு, மானத்தைப் பற்றிய பயம் எவ்வளவு என்று பாருங்கள். விடியும் முன்னே சின்னு திரும்பி வருகிறாள். எங்கே போனாள் என்று படம் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதுதான் சரி. நீதாவுக்கு ஏறத்தாழ 20 வருடம் கழித்து அவளுடைய தங்கை மாதிரி வந்த சின்னுவை, எங்கே போனாய் என்று கேட்கும் உரிமை அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

இடையில் ரேயின் 'மகாநகர்' (1963) பார்த்துவிடுங்கள். வேலைக்குப் போகும் மருமகள் ஆரதி, அதனால் வீட்டில் எழும் மௌனங்கள் எல்லாம் அதில் இருக்கிறது. நீதா, ஆரதி, சின்னு மூவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.

பஞ்சத்தின் சத்தம்

1943 பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பரவலான கணிப்பு. விளைச்சலே இல்லாமல் போய் வந்த பஞ்சம் இல்லை அது. போர்க்காலக் கொள்கைகளும் பதுக்கலும் விலையேற்றமும் சேர்ந்து அரிசியை ஏழைகளின் கைக்கு எட்டாமல் செய்தன. இதை ஒலியில் எப்படிச் சொல்வது? ரேயின் 'அஷானி சங்கேத்' (1973) படத்தின் தொடக்கத்தில் பச்சைப் பசேலென்ற கிராமம், ஆற்றில் குளிக்கும் பெண்கள். மேலே போர் விமானங்களின் இரைச்சல். பெண்கள் அண்ணாந்து பார்த்து, கொக்குக் கூட்டம் போல அழகாக இருக்கிறது என்று ரசிக்கிறார்கள். அவர்கள் ரசிக்கும் சத்தம்தான் அவர்களைக் கொல்லப்போகிற போர். மூன்றாவது பத்தியில் இங்கே எல்லோருக்கும் கேட்டது என்று எழுதுவீர்கள். புரிந்தது யாருக்கும் இல்லை என்றும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னின் 'ஆகாலேர் சந்தானே' (1980), அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் படமெடுக்க ஒரு கிராமத்துக்குப் போகும் சினிமாக்காரர்களின் கதை. ஷூட்டிங் நடக்கிறது. கணவன் குழந்தையைப் பிடுங்கும் காட்சி. திடீரென்று ஓர் அலறல். நடிகையின் குரல் இல்லை அது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர்ப் பெண் அலறுகிறாள். அவளுக்கு அது நடிப்பாகத் தெரியவில்லை. எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோரும் இந்த ஒரு சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டும். ஃப்ரேமுக்கு வெளியே இருப்பவர்களின் வாழ்க்கையை எடுத்துத்தான் ஃப்ரேமுக்குள் வைக்கிறோம் என்பதை இதற்கு மேல் அழுத்தமாகச் சொல்ல முடியாது.

அடுத்து எங்கே போவது

இந்த மூவரோடு நின்றுவிட வேண்டாம். ரிதுபர்ணோ கோஷின் 'உனிஷே ஏப்ரல்' (1994) தாயும் மகளும் ஒரு வீட்டுக்குள் பேசித் தீர்க்கும் படம். அதில் பேச்சே பெரிய ஒலி. இரண்டு குரல்களின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கவனியுங்கள். அபர்ணா சென்னின் 'பரோமா'வை சாருலதாவுக்குப் பிறகு பார்ப்பது நல்லது. கட்டக்கின் 'அஜாந்த்ரிக்' (1958) சிரித்துக்கொண்டே பார்க்கலாம். ஓட்டை டாக்சி ஜகத்தளும் அதன் டிரைவர் பிமலும்தான் ஜோடி. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் கார் மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் வருகிறது. ஒரு யந்திரத்துக்கு உயிர் வருவது முழுக்க எஃபெக்ட்ஸ் ட்ராக்கில்தான்.

நோட்டில் கொஞ்சம் பக்கங்கள் நிரம்பிய பிறகு ஆதித்ய விக்ரம் சென்குப்தாவின் 'ஆஷா ஜாவார் மாஜே' (2014) பாருங்கள். சிறந்த ஒலி வடிவமைப்புக்கான தேசிய விருது பெற்ற படம். பகலில் வேலைக்குப் போகும் மனைவி, இரவு ஷிஃப்ட்டில் அச்சகத்துக்குப் போகும் கணவன். இருவரும் வீட்டில் சந்திப்பதே அரிது. வசனம் அநேகமாகக் கிடையாது, சப்டைட்டிலைத் தேட வேண்டியதே இல்லை. எண்ணெயில் விழும் மீன், டப்பாவில் கொட்டும் அரிசி, தெருவில் வேலை பறிபோனதற்காகப் போகும் ஊர்வலத்தின் கோஷம். முதல் பத்தி மளமளவென்று நிறையும். மூன்றாவது பத்தியில் வேலை இருக்கிறது. கணவன் கேட்கும் வீட்டுச் சத்தங்களில் எவை மனைவி காலையில் விட்டுப்போனவை, மனைவி கேட்பவற்றில் எவை கணவன் விட்டுப்போனவை என்று இரண்டு பெயர்களையும் தனித்தனி மையில் எழுதுங்கள். அதை முடித்த கையோடு 'மேகே டாக்கா தாரா'வின் அந்த அடுப்படிக் காட்சியை மறுபடி ஒரு தடவை போட்டு, முன்பு எழுதியதற்குக் கீழே இப்போது கேட்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.